மின்செருகியில் உள்ள முத்திரைகள்

மாணவச் செல்வங்களே, பிரித்தானியாவில் நாம் நாள்தோறும் கையாளும் மூன்று முனைச் செருகி ஒன்றை எடுத்துப் பாருங்கள். வீட்டில் 'பிளக்' என்கிறோமே, அதுதான். குதையிலிருந்து கழற்றிய பின்னரே பார்த்தல் வேண்டும். முனைகள் உள்ள பக்கத்தில் மிகச் சிறிய எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றை வாசிப்பதே இன்றைய பாடம்.

முதலாவது, பி.எஸ். 1363 என்னும் இலக்கம். 1947ஆம் ஆண்டில் வெளியான தரநியமத்தின் இலக்கம் இது. ஊரில் பெற்றோர் பழகிய வட்ட முனைச் செருகியில் உருகி இருக்கவில்லை. இங்கே செருகிக்குள்ளேயே உருகி உண்டு. காரணம் யாது? சுவரினுள் ஓடும் வளையச் சுற்றை 32 அம்பியர் காப்பான் காக்கின்றது. மேசை விளக்கின் மெல்லிய வடமோ அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்காது. காப்பான் அறுபடுமுன் வடம் எரியத் தொடங்கிவிடும். ஆதலால் விளக்குக்கு 3 அம்பியர் உருகியும் கேத்தலுக்கு 13 அம்பியர் உருகியும் இடுகிறோம். 230 வோல்ற்றை 13ஆற் பெருக்கினால் 2990 வாற்று. ஒரு செருகி தாங்கும் எல்லை ஏறக்குறைய அதுவே.

உருகி வெண்களிமண் குழாய். அதனுள் மணல் நிரப்பியிருப்பார்கள். கம்பி உருகும்போது எழும் மின்பொறியை அணைப்பது அம்மணலே. போலி உருகியில் மணல் இல்லாதிருக்கலாம். அப்போது குழாய் வெடித்துச் சிதறவும் கூடும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே! இதனாலேதான் பி.எஸ். 1362 என்னும் உருகியின் இலக்கத்தோடு, சோதித்தவரின் முத்திரையையும் தேடச் சொல்கிறோம். அஸ்ரா முத்திரை ஒன்று. 1903ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் பட்ட வடிவ முத்திரை மற்றொன்று.

இனி, பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி. ஒரே தொழிற்சாலையில் செய்த பொருளைப் பல வணிகர் வாங்கித் தத்தம் பெயரைப் பொறித்து விற்பதுண்டு. அது குற்றமன்று. ஆனால் சோதனைச் சான்று, குறிப்பிட்ட தொழிற்சாலையில் குறிப்பிட்ட முறையிற் செய்த மாதிரிக்கே உரியது. மேலே ஒட்டிய பெயருக்கு அன்று. உள்ளே மெல்லிய செம்பை மாற்றிவைத்துப் பழைய முத்திரையையே அச்சிட்டால் அது பொய்ச்சான்று. மின்சாதனங்களைத் தம் பெயரில் விற்பவரை உற்பத்தியாளராகவே கொள்கின்றன 2016ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகள். தொழில்நுட்ப ஆவணங்களை அவர் 10 ஆண்டுகள் வைத்திருத்தல் வேண்டும். பெயரும் முகவரியும் இல்லாத சாதனத்துக்குப் பொறுப்பாளி எவர்?

சி.ஈ. என்னும் எழுத்துக்களைக் கண்டு பலர் நிறைவடைகின்றனர். வீட்டு மின்சாதனங்களைப் பொறுத்தவரை, விதிகளுக்கு அமையச் செய்தோம் என உற்பத்தியாளர் தாமே கூறும் கூற்று அது. வீட்டுச் செருகியோ அவ்விதியின் கீழ் வருவதேயில்லை! ஆகவே தனிச் செருகியொன்றில் சி.ஈ. மட்டும் இருந்து பி.எஸ். 1363 இல்லாதிருப்பின் ஐயுறுதல் தகும்.

இலக்கத்தையும் பொய்யாக அச்சிடலாம். சந்தையில் ஒருவர் வாங்கிவந்த மடிக்கணினி வடமொன்றை வகுப்பிற் காட்டினோம். இலக்கம் இருந்தது. ஆனால் நிலத்தொடுப்புக்குரிய நீண்ட உலோக முனையிலும் கறுப்பு உறை! கீழிரு முனைகளுக்கே உறை உண்டு. நீண்ட உலோக முனைக்கு உறையிட்டால் நிலத்தொடுப்பே கிட்டாமற் போகலாம். வகுப்பில் முதலிற் கண்டுபிடித்தவள் பத்து வயதுச் சிறுமி.

பயிற்சி: உங்கள் வீட்டிலுள்ள ஐந்து செருகிகளைப் பெரியவர் ஒருவருடன் கழற்றிப் பார்த்து, இலக்கம், முத்திரை, உருகியின் அம்பியர் ஆகியவற்றைத் தமிழில் அட்டவணையாக எழுதி, அடுத்த சனிக்கிழமை கொண்டுவருக.