வகுப்பு இரைச்சலாக இருக்கட்டும், மலர்

அன்புள்ள மலர்க்குட்டிக்கு, அத்தை எழுதுவது.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரி அத்தை, சரி அத்தை" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய், எனக்குத் தெரியும். கடிதம் என்றால் இரவு படுக்கப்போகும் முன் ஒருதரமாவது படிப்பாய். முதலில் உடம்பு. நம் தென்காசிச் சாரல் குளிர் வேறு, நீ டீச்சராகப் போயிருக்கும் தளிக் குளிர் வேறு. உன் அப்பாவிடம் ஸ்வெட்டர் கொடுத்துவிட்டிருக்கிறேன், கலர் பிடிக்கவில்லை என்று பெட்டிக்குள் வைத்துவிடாதே. பள்ளிக்கூடத்துக்கு பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோ. தொண்டை கட்டிப்போன டீச்சரைப் பார்த்தால் பிள்ளைகளுக்கே பாவமாக இருக்கும்.

இனி உன் கவலைக்கு வருகிறேன். ஈராசிரியர் பள்ளி, மூன்று வகுப்பு உன் கையில், அதில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். பெயர்ச்சொல், வினைச்சொல் என்று கரும்பலகையில் எழுதினாலே கொட்டாவி விடுகிறார்கள் என்றாய். விடத்தான் செய்வார்கள். வரையறையை எழுதிப்போட்டு, அதற்கு இரண்டு எடுத்துக்காட்டு தந்து, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பெரியவர்களுக்கே தூக்கம் வரும்.

ஒன்றை மட்டும் மனசில் போட்டுக்கொள். அந்தப் பிள்ளைகளின் வாயில் இலக்கணம் ஏற்கெனவே இருக்கிறது. நீ மூன்று வயதில் "நேத்து வருவேன், நாளைக்கு வந்தேன்" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். உன்னை யாரும் உட்கார வைத்துக் கால இடைநிலை நடத்தவில்லை. ஒரு வருஷத்தில் தானாகச் சரியாகிவிட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை "கல்கள்" என்று எழுதினால் உடனே சிவப்பு மையைத் தொடாதே. 'கள்' சேர்த்தால் பலவாகும் என்று அவன் தானே கண்டுபிடித்து வைத்திருக்கிறான். மைதானத்தில் நாலு கல்லையும் நாலு முள்ளையும் பொறுக்கி வரச் சொல். கற்கள், முட்கள் என்று நீ இயல்பாகச் சொல்லிக்கொண்டே எண்ணு. காது பிடித்துக்கொள்ளும். பெயர் வைப்பது கடைசி வேலை. முதலில் விளையாட்டு, அப்புறம் "இப்போது நாம் செய்தோமே, அதற்குப் பெயர் இது" என்று ஒரே வரி.

பூனை எலி ஆட்டத்தை நாளைக்கே தொடங்கிவிடு. பழைய நாள்காட்டி அட்டையில் 'பூனை', 'எலி', 'துரத்தியது' என்று பெரிதாக எழுதி மூன்று பிள்ளைகள் கையில் கொடு. நாலாவது அட்டையில் 'ஐ' மட்டும். அதை வகுப்பிலேயே வாய் திறக்காத பிள்ளையிடம் கொடு. 'ஐ' போய் எலியின் பக்கத்தில் நின்றால், பூனை எலியைத் துரத்தியது. இப்போது பூனையையும் எலியையும் இடம் மாறி நிற்கச் சொல், 'ஐ' எலியோடேயே போகட்டும். எலியைப் பூனை துரத்தியது. "யார் ஓடுகிறது?" என்று கேள். எலிதான் என்று கத்துவார்கள். இடம் மாறியும் பொருள் மாறவில்லை. அடுத்து யாரையும் நகர்த்தாதே, 'ஐ' மட்டும் பூனையிடம் போய் நிற்கட்டும். எலி பூனையைத் துரத்தியது! வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்புதான் இரண்டாம் வேற்றுமை, மலர். யார் செய்தார், யார் மேல் செய்தார் என்பதையெல்லாம் ஒற்றை எழுத்தை வைத்திருக்கும் அந்தச் சங்கோஜக்காரப் பிள்ளை தீர்மானிக்கிறது. எழுவாயும் செயப்படுபொருளும் பிறகு சொன்னால் போதும்.

அந்த ஆட்டம் அங்கேயே நிற்காது. எலியும் 'ஐ'யும் சேரும்போது வாயில் ஒரு 'ய்' தானாக வருகிறது, எலியை. நடுவில் கைகோக்க 'ய்' அட்டையோடு ஒரு பிள்ளையை அனுப்பு. பசு வந்தால் 'ய்' ஒத்துவராது, 'வ்' ஓடிவர வேண்டும், பசுவை. மரம் வந்தால் இன்னும் வேடிக்கை. 'ம்' உட்கார்ந்துவிடும், 'அத்து' எழுந்து வரும், மரத்தை. உடம்படுமெய், சாரியை என்று நாங்கள் மேல்வகுப்பில் மனப்பாடம் செய்தது எல்லாம் உன் எட்டு வயதுப் பிள்ளைகள் எழுந்தும் உட்கார்ந்தும் காட்டிவிடுவார்கள். பெயர் இப்போது வேண்டாம். ஆறாம் வகுப்புக்குப் போகும்போது அந்தப் பெயர் அவர்களுக்குத் தெரிந்த முகமாக இருக்கும்.

சொற்சங்கிலி உனக்கும் தெரிந்ததுதான், ஊருக்குப் போகும் பஸ்ஸில் விளையாடுவோமே. முடிகிற எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். மரம், மயில்... 'ல'வில் சிக்கினாயா? லட்டு. அடுத்து 'ட', டமாரம். வாள் என்று ஒருவன் சொன்னால் 'ள'வில் எதுவும் இல்லை, ஆட்டம் நின்றது. தமிழில் இது இப்படித்தான் அடிக்கடி முட்டி நிற்கும். அதனால் இது சரியான ஆட்டம் இல்லை என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அந்த முட்டும் இடம்தான் பிடிக்கும். எந்தெந்த எழுத்தில் ஆட்டம் நின்றது என்று சுவரோரத்தில் பிள்ளைகளையே குறித்துவைக்கச் சொல். ஒரு மாதம் விளையாடட்டும். ண, ள, ழ, ற, ன என்று பட்டியல் வளரும். ட, ர, ல மூன்றும் அரைகுறையாக நிற்கும், ஏனென்றால் டப்பாவும் ரொட்டியும் லாரியும் இருக்கின்றனவே. அப்போது சொல்லு, அந்த மூன்று எழுத்தில் வருகிற சொற்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து நம் வீட்டுக்கு வந்தவை என்று. மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் 22 என்று நன்னூல் கணக்கு வைத்திருக்கிறது, உயிர் 12, மெய் வரிசையில் 10. மீதி எட்டையும் உன் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்திருப்பார்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளை எதிராளியை மடக்குவதற்கென்றே ழகரத்திலும் ளகரத்திலும் முடிகிற சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்துவைக்கும். கூழ், இதழ், புகழ், யாழ், தேள், தோள். "பத்துச் சொல் எழுதி வா" என்று வீட்டுப்பாடம் கொடுத்தால் இந்தத் தேடல் வருமா? தோற்றவரை வெளியேற்ற மட்டும் செய்யாதே. சிக்கிக்கொண்டவர் அந்தச் சொல்லுக்குப் பலகையில் படம் வரையட்டும், ஆட்டம் தொடரட்டும். வெளியேற்றப்படுவது எப்போதும் சொல் குறைவாக உள்ள பிள்ளைதான், சொல் அதிகம் கேட்க வேண்டியதும் அந்தப் பிள்ளைதான்.

தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளைப் பற்றித்தான் நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது. "அக்கா வந்தது" என்று எழுதுகிறான் என்று சலித்துக்கொண்டாயே, அவன் வீட்டு மொழியில் அக்கா வந்தாலும் 'வச்சிந்தி', ஆடு வந்தாலும் 'வச்சிந்தி'தான். அங்கே அது முறையான இலக்கணம். கன்னடம் பேசும் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் வராது, 'பந்தளு' என்று பெண்ணுக்குத் தனியே இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை மழையை 'மளை' என்னும், ஏனென்றால் அதன் அம்மா மழையை 'மளெ' என்றுதான் சொல்கிறாள். இன்றைய தெலுங்கிலும் கன்னடத்திலும் ழகரம் இல்லை. இது தெரிந்த டீச்சர் அதட்ட மாட்டாள். "உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்பாள். பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

அவர்களுக்காகவே ஐம்பாலை ஓட்டப் பந்தயமாக்கு. வகுப்பின் நாலு மூலையும் ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால். நடுவில் சாக்பீஸ் வட்டம் பலவின்பால். நீ "வந்தாள்" என்றால் எல்லாரும் அந்த மூலைக்கு ஓட வேண்டும். "மேய்ந்தன" என்றால் வட்டத்துக்குள். பேச்சில் நாம் எல்லாருமே "மாடெல்லாம் வந்துச்சு" என்போம், அதனால் வட்டத்தைப் பிள்ளைகள் முதலில் மறந்துவிடும். மறக்கட்டும், நாலு நாளில் கால் பழகிவிடும். ல, ள, ழவுக்கும் இப்படியே உடம்பைக் கொடு. 'வலி' என்றால் வயிற்றைப் பிடி, 'வழி' என்றால் வாசலைக் காட்டு. 'மலை'க்குக் கைகளை உச்சியில் குவி, 'மழை'க்கு விரல்களைச் சொரி. நீ வாய்திறந்து சரியாக உச்சரித்தால்தான் ஆட்டம் நடக்கும், ஆகவே உனக்கும் பயிற்சி! சின்ன வயதில் 'வாளப்பளம்' கேட்டு அழுதவள்தானே நீ.

செயலோடு சொல்லைக் கற்பிப்பது புதுசொன்றும் இல்லை. 1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையில் பெயர்ச்சொல்லுக்குக் கறுப்பு முக்கோணம், வினைச்சொல்லுக்குச் சிவப்பு வட்டம். சீட்டில் "குதி", "சன்னலைத் திற" என்று எழுதியிருக்கும், பிள்ளை மௌனமாகப் படித்துச் செய்து காட்டும். சீட்டுக்கு ஒரு பைசா செலவில்லை, நீயும் செய்யலாம். 'வேகமாக', 'மெதுவாக' என்று இன்னொரு டப்பாவில் சீட்டுப் போட்டு இரண்டையும் சேர்த்து எடுக்கச் சொல். "மெதுவாகக் குதி" வரும்போது பார், அவர்கள் படும் பாட்டை.

நான் வேலையில் இருந்தபோதுதான் செயல்வழிக் கற்றல் வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவியது. அட்டை, ஏணிப்படி, சுவரைச் சுற்றிப் பிள்ளைகள் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை. அதன் மூலவேர் ஆந்திரத்து ரிஷிவேலியில். பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்த அந்த வருஷங்களில்தான் அவர்கள் தங்களுக்குள் முணுமுணுக்கிற சொற்கள் என் காதில் விழுந்தன. அட்டைகள் கிழிந்தன, திட்டம் மாறியது, 2022இல் எண்ணும் எழுத்தும் வந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். உன் பெயரையே கடைசி நிலைக்கு வைத்துவிட்டார்கள், அதற்கு நீ பூரித்துப்போக வேண்டாம். திட்டத்துக்குத் திட்டம் பெயர் மாறும். தரையில் உட்காருவதை மட்டும் விட்டுவிடாதே. முட்டி நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்துகொள்.

ஒரு பக்கச் சுவரைச் சொற்களுக்குக் கொடு. தினம் ஒரு பிள்ளை வீட்டிலிருந்து ஒரு சொல் கொண்டுவரட்டும், அடுப்படியிலிருந்தோ வயலிலிருந்தோ. நீ சொளகு என்பாய், அவர்கள் முறம் என்பார்கள், ஒருவேளை தெலுங்கில் வேறு சொல் வரும். மூன்றையும் எழுதி ஒட்டு. படத்தைப் பிள்ளையே வரையட்டும், கடையில் வாங்கின சார்ட்டைத் தொங்கவிடாதே. அந்தச் சார்ட்டில் ஆப்பிளும் எக்ஸ்ரேயும் இருக்கும், ராகிக் களி கிண்டுகிற துடுப்பு இருக்காது.

இனி சில பழக்கங்கள். சின்னதுதான், ஆனால் இப்போதே பிடித்துக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திரு. நாம் கேட்டுவிட்டு நாமே பதில் சொல்லிவிடுகிறோம், இரண்டாம் மொழியில் யோசிக்கிற பிள்ளைக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். ஆட்டத்தைப் பிள்ளைகள் "இன்னும் ஒருதடவை டீச்சர்" என்று கெஞ்சும்போதே நிறுத்து, நாளைக்குத் தானே வந்து கேட்பார்கள். ஆடி முடித்த சூட்டோடு தேர்வு வைக்காதே. அது வேகிற சோற்றை நிமிஷத்துக்கொருதரம் மூடி திறந்து பார்ப்பதுதான். ஒரு சின்ன நோட்டில் அன்றன்று எந்தப் பிள்ளை என்ன புதுச் சொல் சொன்னது என்று தேதியோடு குறி, மதிப்பெண்ணுக்காக இல்லை. ஓரமாக நின்று வேடிக்கை மட்டும் பார்க்கிற பிள்ளையை இழுத்து நடுவில் நிறுத்தாதே. அட்டை எடுத்துக்கொடுக்கும் வேலையைக் கொடு, கை பழகினால் வாய் பின்னால் வரும்.

சத்தம் அதிகம் என்று பக்கத்து வகுப்பிலிருந்து சொல்வார்கள். பணிவாகக் கேட்டுக்கொள், ஓடுகிற ஆட்டங்களை மரத்தடிக்குக் கொண்டுபோ. நோட்டு நிறையவில்லையே என்றும் கேட்பார்கள். அதுவும் நியாயம்தான். ஆடின வாக்கியங்களில் மூன்றைப் பிள்ளைகள் எழுதிப் படம் போட்டால் நோட்டும் நிறையும். இதற்காக யாரோடும் முறைத்துக்கொள்ளாதே, உன் கோபம் எனக்குத் தெரியும், உன் தாத்தா கோபம் அது.

அப்பா கொண்டுவரும் பார்சலில் ஸ்வெட்டரோடு ஒரு டப்பா அதிரசமும், நான் வெட்டிவைத்த வெற்று அட்டைகளும் இருக்கின்றன. அதிரசத்தை நீ மட்டும் தின்னாதே. மழை, கிழங்கு, கோழி, இந்த மூன்றுக்கும் உன் தெலுங்குப் பிள்ளைகளும் கன்னடப் பிள்ளைகளும் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுது. 'ஐ' அட்டையை யாரிடம் கொடுத்தாய் என்பதையும்.

அன்புடன்,
அத்தை