படகு தெரியும் படமும் மீன் தேடும் படமும்

கேள்வி: தூத்தூரிலிருந்து வந்து தோப்பும்படி துறைமுகத்தில் ஆழ்கடல் தொழில் செய்யும் குடும்பம் எங்களுடையது. கைபேசி வரைபடத்தில் இங்கே கட்டியிருக்கும் போட்டுகளை ஒவ்வொன்றாக எண்ண முடிகிறது. மீன் கிடைக்கும் இடம் சொல்லப் பயன்படும் செயற்கைக்கோள் படத்தில் கொச்சி அழிமுகமே தெரியவில்லை. மீனவனுக்கு மட்டும் ஏன் மங்கல் படம்?
- வாசகர், தோப்பும்படி

பதில்: ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்த மங்கலுக்குக் காரணம் அலட்சியம் அல்ல.

செயற்கைக்கோள் படம் கட்டம் கட்டமாகப் பதிவாகிறது. ஒரு கட்டத்துக்குள் என்னென்ன இருந்தாலும் எல்லாம் கலந்து ஒரே நிறமாகிவிடும். 2019-இல் ஏவிய கார்ட்டோசாட்-3-இன் கட்டம் கால் மீட்டர். 20 மீட்டர் போட்டின் நீளத்தில் அப்படி 80 கட்டங்கள் அடங்கும். ஓஷன்சாட்டின் கடல்நிறக் கருவிக்கோ ஒரு கட்டம் சுமார் 360 மீட்டர். வைப்பீனுக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் இடையே அழிமுகத்தின் அகலமே ஏறத்தாழ 450 மீட்டர்தான். கட்டம் கொஞ்சம் தள்ளி விழுந்தால் கரையும் தண்ணீரும் கலந்துபோகும்.

பெரிய கட்டம் எதற்கு என்றால், மீன் கூடுவது நுண்பாசி செழித்த நீரில். அந்தப் பச்சையத்தின் நிறம் விண்வெளிக்குப் போய்ச் சேர்வதற்குள் மிகவும் மெலிந்துவிடும். கருவியில் விழும் ஒளியில் பெரும்பங்கு காற்றுமண்டலம் சிதறடித்தது. மெலிந்த ஒளியைப் போதுமான அளவு சேர்க்க அகலமான கட்டம் வேண்டும். இன்னொன்றும் உண்டு. கார்ட்டோசாட்-3 ஒரு கடப்பில் பார்ப்பது சுமார் 16 கிலோமீட்டர் அகலம். ஓஷன்சாட்-2 பார்த்தது 1,420 கிலோமீட்டர், அதுவும் இரண்டு நாளுக்கு ஒருமுறை. பாசி நீரின் விளிம்பு கிலோமீட்டர் கணக்கில் நீண்டு, நாளுக்கு நாள் இடம் மாறுவது. கைபேசியில் நீங்கள் எண்ணிய போட்டுகளோ எப்போதோ கட்டிக் கிடந்தவை. ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் கடல்நிறத்தோடு நீரின் வெப்பத்தையும் பார்த்து மீன்வள அறிவிப்பு தருகிறது. ஆழ்கடலுக்கு அந்தக் கட்டம் தாராளம்.

காயலுக்குள் வந்துவிட்டால் கதையே வேறு. அங்கே உங்கள் குறையோடு நானும் உடன்படுகிறேன். வேம்பநாட்டுக் காயலில் ஆகாயத்தாமரை எங்கே அடைத்திருக்கிறது என்பதை 360 மீட்டர் கட்டத்தை வைத்து முடிவுசெய்யக் கூடாது. சென்டினல்-2-இன் 10 மீட்டர் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன; அவற்றைப் பயன்படுத்தலாம். மட்டாஞ்சேரியின் ஒடுங்கிய கால்வாய்களுக்கு அதுவும் போதாது. தண்ணீர், மதில், கூரை மூன்றும் ஒரே கட்டத்தில் விழும். அங்கே ஆள் இறங்கி நீர் எடுத்துத்தான் சோதிக்க வேண்டும்.

படத்தைப் பெரிதாக்கினால் கட்டம்தான் பெரிதாகும், விவரம் கூடாது. எந்தப் படத்தைத் திறந்தாலும் முதலில் கட்ட அளவையும் எடுத்த தேதியையும் பாருங்கள். நீங்கள் தேடும் பொருள் நாலைந்து கட்டமாவது பிடிக்காவிட்டால், அந்தப் படத்தை நம்பி டீசல் செலவழிக்காதீர்கள்.