கட்டிலில் இருந்த ஜூலியட்

என் குஞ்சுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம். பெரியப்பாவின் முழங்கால் பரவாயில்லை. போனில் சொன்னால் “ஓம், ஓம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் இதற்குக் காணும். விளங்காத இடத்தை அம்மாவிடம் கேள். அவள் வாசிக்கவேண்டியதும் இதில் இருக்கிறது.

செவ்வாய் இரவு நீ போட்ட ரீலைப் பார்த்தேன். சுழற்சி துப்புரவு. தலை திரும்புகிற விதம் நல்ல வடிவு. ஆனால் என் கண் போனது உன் வலது கணுக்காலுக்கு. குசினியின் டைல்ஸ் தரையில், பாயிண்ட் சப்பாத்தின் வளைவையும் தாண்டிப் பாதம் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. போன மார்கழியில் வீங்கின அதே கால். சப்பாத்தும் புத்தம் புதிது. நுனியில் நூல் ஓடவில்லை, ரோசினில் மிதித்த தடம் இல்லை, சாட்டின் மினுங்குகிறது. படம் பிடிப்பதற்கென்றே பெட்டியிலிருந்து எடுத்தது என்று பார்த்தவுடன் தெரிந்தது. பதிவு ஏறிய நேரம் இரவு ஒன்றே முக்கால். விடிந்தால் உனக்கு வகுப்பு. கழுத்தெலும்பு வேறு துருத்திக்கொண்டு தெரிகிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா பிள்ளை?

அம்மா எல்லாம் சொன்னாள். வடக்கே அந்த பாலே குழுவில், கூட்டமாக ஆடுகிற கோர் டி பாலேயில் ஒரு வருட ஒப்பந்தம். இந்தப் பக்கம் உடுப்புக் கம்பனிக்காரர் மாதத்துக்கு இத்தனை பதிவு என்று பேசி, அந்தக் குழு தருவதைவிடக் கூடக் காசு தருகிறார்கள். பின்தொடர்கிறவர்களும் ஏறிக்கொண்டே போகிறார்கள். இரண்டும் யோசிக்கவேண்டிய வழிதான். முடிவு உன்னுடையது, நான் தலையிட மாட்டேன். கண்டதையும் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு உன் விருப்பம்.

தன்னைத்தானே விளம்பரப்படுத்துவது கேவலம் என்று மாமா சொல்வதை நான் ஏற்கவில்லை. அன்னா பாவ்லோவாவைவிட அதைத் திறமாகச் செய்தவர் யார்? கோல்டர்ஸ் கிரீனில் அவர் இருந்த ஐவி ஹவுஸை பஸ்ஸில் போகும்போது உனக்குக் காட்டியிருக்கிறேன். அங்கே குளத்தில் அன்னம் வளர்த்து, அதை அணைத்துக்கொண்டு படம் எடுத்தார். பாண்ட்ஸ் கிரீம் விளம்பரத்துக்கு முகம் கொடுத்தார். சப்பாத்தின் நுனி மெல்லிசாகத் தெரியவேண்டும் என்று தன் படங்களில் அதைத் திருத்தச் செய்தார். நீ பாவிக்கிற ஃபில்டர் வேறென்ன? ஆனால் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வந்த சனத்துக்கு மேடையில் முழு ஆட்டம் இருந்தது. பாலே என்றால் என்னவென்று அறியாத ஊர்களுக்கெல்லாம் கப்பலிலும் ரயிலிலும் போய் ஆடினார். 1931 தையில் ஹேக் நகரில் உயிர் பிரிந்தபோதும் பயணத்தில்தான் இருந்தார். பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி பாலே பழகியது பாவ்லோவா குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம். உன் நாட்டு ஆடலைப் போய்ப் பார் என்று ருக்மிணி தேவியைத் திருப்பிவிட்டதும் பாவ்லோவாதான். “வெள்ளைக்காரரின் ஆட்டம் எங்கட பிள்ளைக்கு எதற்கு” என்று அம்மம்மா வீட்டில் கதை எழும்பியபோது நான் இதைத்தான் சொன்னேன். நீ அப்போது சின்னப் பிள்ளை, உனக்கு ஞாபகம் இராது.

லின் சேமூர் என்ற பெயரை உன் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பார்.

1965 பெப்ரவரி 9. கவன்ட் கார்டனில் கென்னத் மக்மில்லனின் ‘ரோமியோ அன்ட் ஜூலியட்’ முதன்முதலாக மேடையேறிய இரவு. அந்த ஜூலியட்டை மக்மில்லன் உருவாக்கியது லின் சேமூரை வைத்து, ரோமியோவை கிறிஸ்டோபர் கேபிளை வைத்து. ஒத்திகை அறையில் ஒவ்வொரு அசைவாகக் கண்டுபிடித்தது அவர்கள் மூன்று பேரும்தான். ஆனால் முதல் இரவு ஆடியது மார்கோ ஃபொன்டேனும் ருடால்ஃப் நுரெயெவும். அமெரிக்கப் பயணத்துக்கு அந்த இரண்டு பெயரும் வேண்டும் என்று அங்கே ஏற்பாடு செய்த சோல் ஹுரொக் நின்றார், நிர்வாகம் இணங்கியது. அன்று கைதட்டலுக்கு 43 தடவை திரையைத் தூக்கினார்கள். அடுத்த வருடம் வந்த திரைப்படமும் ஃபொன்டேனுக்கும் நுரெயெவுக்குமே போனது. சேமூர் தன் ஜூலியட்டை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டி வந்தது. கேபிள் கொஞ்சக் காலத்தில் பாலேயை விட்டு நடிக்கப் போய்விட்டார்.

அது நான் இந்த நாட்டுக்கு வரமுதல் நடந்த கதை, இன்னும் ஏன் அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறாய் என்று பெரியப்பா கேட்பார். எனக்கு ஆறவில்லை. ஃபொன்டேன் மேல் எனக்கு நிறைந்த மரியாதை. 42 வயதில், ஓய்வெடுக்கப் போகிறார் என்று எல்லாரும் நினைத்த நேரத்தில், நுரெயெவோடு ‘ஜிசெல்’ ஆடி இன்னொரு பிறவி எடுத்தவர். அவரைக் குறை சொல்லி நான் ஒரு நாளும் கதைத்ததில்லை. ஆனால் அந்த இரவில் பெயர் உழைப்பை முந்தியது. இப்போது உன் போனில் ஒவ்வொரு நாளும் அதுதான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

எழுபதுகளில் நேர்ஸ் வேலைக்கு வந்திருந்த காலம், சேமூரின் ஜூலியட்டை மேல் மாடியில் இருந்து பார்த்தேன். மூன்றாம் அங்கத்தில், பாரிஸ் என்பவனைக் கட்டத்தான் வேண்டும் என்று தகப்பன் அதட்டிவிட்டுப் போகிறான். எல்லாரும் போய்விடுகிறார்கள். ஜூலியட் கட்டிலின் விளிம்பில் எங்களை நேரே பார்த்தபடி இருக்கிறாள். அவ்வளவுதான். கை அசையாது, கால் அசையாது. கீழே புரொகோஃபியெவின் இசை மட்டும் ஏறுகிறது, ஏறிக்கொண்டே போகிறது. மக்மில்லன் அந்த இடத்துக்கு ஒரு அடியும் வைக்கவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருக்க, அந்த முகத்தில் ஒரு சின்னப் பெண் போய் ஒரு முடிவு எடுத்தவள் வருகிறாள். பிறகுதான் எழும்பி, மேலாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாதிரியாரிடம் ஓடுகிறாள். பக்கத்தில் இருந்த அறிமுகமில்லாத மனுசி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

இதை வெட்டி 15 விநாடி ரீலாகப் போட்டுப் பார். ஒரு பெண் கட்டிலில் இருக்கிறாள், வேறொன்றும் தெரியாது. முன்னால் வந்த இரண்டு அங்கமும் உடம்பில் ஏறியிருந்தால்தான் அந்த அசையாமை ஆட்டமாகும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பாலேக்குச் சரிவராது, பிள்ளை.

சில்வி கிலெம்மை எடு. 19 வயதில் நுரெயெவ் அவரை பாரிஸ் ஒபெராவில் எத்வால், அதாவது முதல்தர நட்சத்திரம், ஆக்கினார். 1989இல் லண்டனுக்கு வந்தார். அவரின் கால் கடிகாரத்தில் ஆறு மணி காட்டுகிற மாதிரிச் செங்குத்தாகப் போகும். கிலெம் அதைத் தூக்கினால் அதில் ஒரு அர்த்தம் இருக்கும், தூக்காமல் விடுகிற இடத்திலும் இருக்கும். பிறகு வந்தவர்கள் படத்தைப் பார்த்துக் காலை மட்டும் பழகினார்கள். ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யில் ரோஸ் அடாஜியோ வருகிறபோது இப்போது சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு இளவரசி எத்தனை விநாடி ஒற்றைக் காலில் நிற்கிறாள் என்று எண்ணுகிறது. நாலு பேர் பெண் கேட்டு வந்திருக்கிற, பதினாறு வயது பிறந்தநாள் அது. அந்தக் கூச்சத்தையும் சந்தோசத்தையும் யார் பார்க்கிறார்கள்?

மிஸ்டி கோப்லண்டின் கதை உனக்குத் தெரியும். 2015இல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதல் கறுப்பினப் பெண் பிரின்சிபல். 2018இல் சிங்கப்பூரில் ‘ஸ்வான் லேக்’ ஆடும்போது 32 ஃபுவெத்தே சுழற்சியை முடிக்காமல் வேறு சுழற்சிக்கு மாறினார். யாரோ அதை எடுத்து இணையத்தில் போட, நாலு அங்கத்தையும் பாராத ஆட்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அவர் ஒளிக்காமல் தானே அந்தப் பேச்சை எடுத்துப் போட்டுப் பதில் எழுதினார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஆனால் கவனி: இவ்வளவு பெரிய மேடையில் உழைத்து ஏறினவரையே சில விநாடிப் படம் அப்படி ஆட்டியது. உனக்குப் பின்னால் என்ன இருக்கிறது? உன்னைத் தாங்குவதற்கு இன்னும் ஒரு முழு வேஷம்கூட நீ ஆடவில்லையே.

சேர்கெய் பொலுனினைப் பற்றி எழுதக் கவலையாக இருக்கிறது. அப்படி ஒரு பாய்ச்சலை நான் கண்டதில்லை. 2012இல் ராயல் பாலேயை விட்டுப் போனார். 2015இல் ‘டேக் மீ டு சர்ச்’ பாட்டுக்கு ஆடிய வீடியோவைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். 2019இல் இன்ஸ்டாகிராமில் எழுதியவற்றால் பாரிஸ் ஒபெரா அவருக்குக் கொடுத்த ‘ஸ்வான் லேக்’ அழைப்பைத் திரும்ப எடுத்தது. வீடியோ பார்த்த அந்தக் கோடிப் பேரில் ஒருவராலும் அவருக்கு அந்த மேடையைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

நல்லதும் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். 2014 முதல் உலக பாலே தினத்தில் பெரிய குழுக்கள் தங்கள் வகுப்பையும் ஒத்திகையையும் காட்டுகின்றன. வேர்க்க வேர்க்க பார் பிடித்து நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசை. மரியனெலா நூன்யெஸும் படம் போடுகிறார், நான் விருப்பத்தோடு பார்க்கிறேன். அவர் 1998இல் ராயல் பாலேயில் சேர்ந்தவர், 2002இல் பிரின்சிபல் ஆனவர், இன்னும் ஒரு தொடக்கக்காரி மாதிரி உழைக்கிறவர். அவர் போடுகிற படத்துக்குப் பின்னால் அத்தனை வருட மேடை இருக்கிறது.

கோரில் முகம் தெரியாது, பெயர் தெரியாது என்று நீ சலித்துக்கொண்டதாக அம்மா சொன்னாள். ‘லா பயதேர்’ நிழல்களின் காட்சியை நினை. ராயல் பாலேயில் 24 பேர். சரிவான மேடையில் ஒருத்தி வருகிறாள், அராபெஸ்க், பின்னுக்கு வளைவு, இரண்டு அடி. அவளுக்குப் பின்னால் அடுத்தவள், அதே அராபெஸ்க். முதலில் வந்தவள் கடைசிப் பெண் இறங்கும்வரை அதையே செய்துகொண்டு போகவேண்டும், நடுக்கம் தெரியக்கூடாது. பிறகு எல்லாரும் ஒன்றாக மூச்சு விடுகிறார்கள். பெரிய நட்சத்திரங்களைப் பார்க்கப் போன எத்தனையோ இரவில் வீட்டுக்கு நான் கொண்டுவந்தது அந்த 24 பேரைத்தான். பக்கத்தில் இருப்பவளின் மூச்சைக் கேட்டு ஆடப் பழகுவதற்குக் கோரைவிட்டால் வேறு இடம் இல்லை. குசினியில் அதைப் பழக ஏலாது. உடுப்புக் கம்பனி அடுத்த வருடம் வேறொரு பிள்ளையைப் பிடிக்கும். அந்த வருடம் உனக்குத் திரும்ப வராது.

சரி, கனக்க எழுதிவிட்டேன். கோபம் என்று நினையாதே. நீ எங்கள் எல்லாருக்கும் பெருமை. அம்மம்மா இருந்திருந்தால் உன் படத்தைச் சாமியறையிலேயே மாட்டியிருப்பா. நீ எந்த வழியில் போனாலும் உன் ரீலை நான்தான் முதல் பார்ப்பேன், பெரியப்பாவின் போனிலும் ஒரு விருப்பம் போடுவேன். உடுப்புக் கம்பனிக்கே போனாலும் அவர்களின் மேலங்கி ஒன்று எனக்கும் வாங்குவேன். வடக்கே போனால் வாடகைக்கு முற்பணம் நான் தருகிறேன், அம்மாவிடம் சொல்லத் தேவையில்லை. சப்பாத்துச் செலவை இனி யோசிக்காதே. பருத்தித்துறை வடையும் மிளகாய்த்தூளும் தபாலில் வருகிறது. வடையை ஒளித்து வைக்காமல் நீயே சாப்பிடு. இங்கே உன் அறை அப்படியே கிடக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வா.

ஒப்பந்தத்துக்குப் பதில் கொடுக்க வருகிற வெள்ளிதான் கடைசி நாள் என்று அம்மா சொன்னாள். வியாழன் இரவுக்குள் எனக்கு ஒரு போன் எடு. அதற்கு முன்னால் அந்தக் கணுக்காலை பிசியோவிடம் காட்டு. அவர் சரி என்று சொல்லும்வரை பாயிண்ட் சப்பாத்தைத் தொடாதே.

அன்புடன்,
உன் பெரியம்மா