ஆடாத முக்காலி கவிழ்வது ஏன்?
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

நம் வீடுகளில் உள்ள முக்காலியைக் கவனித்திருப்பீர்கள். தரை எவ்வளவு மேடு பள்ளமாக இருந்தாலும் அது ஆடுவதில்லை. நாற்காலியோ ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கடகடவென்று ஆடும். எந்த மூன்று புள்ளிகளின் வழியாகவும் ஒரு தளம் செல்லும். நான்காவது புள்ளியும் அதே தளத்தில் விழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆடாமைக்குக் காரணம் இவ்வளவே. ஆனால், ஆடாத முக்காலி கவிழாத முக்காலியும் ஆகிவிடுமா? மிகச் சிறியதாகத் தோன்றும் இவ்வினா, அமெரிக்க நாட்டின் மலைக்காடுகளில் உயிர் பற்றிய வினாவாகி, நீதிமன்றம் வரை சென்றது. அதனை நம் முதலாண்டு நிலையியல் பாடத்தைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படிக்கட்டில் கால் வைத்த முதல் ஆள் நான். “இந்தப் படிப்பு எதுக்குப்பா உதவும்?” என்று என் தந்தையார் கேட்டபோது, ஈர்ப்பு மையம் என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் என் வாயில் வரவில்லை. அச்சொல்லின் பயன் யாது என்று தேடப் போய்த்தான் இம்மலை வண்டிகளின் வரலாற்றை அறிந்தேன்.

மூன்று சக்கரத்தின் வரவு

1970ஆம் ஆண்டில் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் ஒரு புதுமையான வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்று சக்கரங்கள், பலூன் போன்ற பருத்த டயர்கள், 90 சி.சி. எஞ்சின். பின்னர் இது ஏ.டி.சி. 90 என்று பெயர் பெற்றது. ஸ்பிரிங் எதுவும் இல்லாத அவ்வண்டியில் டயர்களே அதிர்வைத் தாங்கின. சேறு, மணல், பனி, காட்டு மலைத்தடம் ஆகிய எல்லாவற்றிலும் அது ஏறியது. 1971இல் வெளிவந்த ‘டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்திலும் இடம் பெற்றது. 1980களின் தொடக்கத்தில் சுசூகி நிறுவனம் நான்கு சக்கர வண்டியைக் கொண்டு வந்தது. இவ்வகை வண்டிகள் அனைத்திற்கும் ஏ.டி.வி. என்பது பொதுப்பெயர். எந்தத் தரையிலும் செல்லும் வண்டி என்பது அதன் பொருள்.

மூன்று சக்கர வண்டி நின்றால் ஆடுவதில்லை. வாங்குவோரின் கண்ணுக்கு அது பாதுகாப்பின் அடையாளமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஒரு பக்கத்தில் முடியும் கணக்கு

ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து விடப்படும் தூக்குநூல், அதன் தாங்குபரப்பினுள் விழும்வரை அப்பொருள் நிற்கும். வெளியே விழுந்தால் கவிழும். இது நாம் அனைவரும் படித்த விதி.

இப்போது ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்கின் எளிமைக்காக நான் கொண்டவை. பின் சக்கரங்களுக்கு இடையே 90 செ.மீ.; முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 110 செ.மீ.; ஓட்டுபவரையும் சேர்த்து ஈர்ப்பு மையத்தின் உயரம் 75 செ.மீ.; அது பின் அச்சுக்கு 44 செ.மீ. முன்னால் உள்ளது.

நான்கு சக்கரமானால் தாங்குபரப்பு ஒரு செவ்வகம். நடுக்கோட்டிலிருந்து ஓரம்வரை 45 செ.மீ. மலைச்சரிவின் குறுக்கே வண்டி செல்லும்போது, 45ஐ 75ஆல் வகுக்க வரும் 0.6 என்பதே கவிழும் கோணத்தின் டான்ஜென்ட். அக்கோணம் ஏறத்தாழ 31 பாகை.

மூன்று சக்கரமானால் தாங்குபரப்பு ஒரு முக்கோணம். முன்னே செல்லச் செல்ல அதன் அகலம் குறுகும். 110இல் 44 என்பது ஐந்தில் இரண்டு பங்கு. எனவே அவ்விடத்தில் ஓரம்வரை எஞ்சுவது 45இல் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 27 செ.மீ. 27ஐ 75ஆல் வகுத்தால் 0.36. கோணம் 20 பாகை. அதே அகலம், அதே உயரம், அதே எடை. ஒரு சக்கரம் குறைந்ததால் 11 பாகை போயிற்று!

இதோடு முடியவில்லை. அச்சரிவில் ஓட்டுபவர் பயந்து பிரேக்கை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேகம் நொடிக்கு நொடி 2.9 மீட்டர் வீதம் குறைந்தால், தூக்குநூல் விழும் புள்ளி 22 செ.மீ. முன்னே நகர்ந்ததற்குச் சமமான விளைவு ஏற்படும். அங்கே முக்கோணம் இன்னும் குறுகி, ஓரம்வரை 18 செ.மீ. மட்டுமே இருக்கும். கவிழும் கோணம் 13½ பாகையாகிவிடும். செவ்வகமோ எங்கும் ஒரே அகலம். அதன் 31 பாகை அப்படியே இருக்கும். ஆபத்து வந்தவுடன் மனிதன் இயல்பாகச் செய்யும் செயலே மூன்று சக்கர வண்டியில் ஆபத்தைப் பெருக்குகிறது என்பதை நண்பர்கள் கருதிப் பார்க்க வேண்டும்.

சமதரையிலும் இதே கதைதான். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் திரும்பினால், மையவிலக்கு விசை தூக்குநூலை 37 செ.மீ. வெளியே தள்ளுவதற்கு ஒப்பாகும். 27 செ.மீ. உள்ள மூன்று சக்கரம் கவிழும், 45 செ.மீ. உள்ள நான்கு சக்கரம் தப்பும்.

எழுதிப் பார்த்ததோடு எனக்கு மனம் அமையவில்லை. விடுதி நண்பர் ஒருவருடன் சேர்ந்து, அட்டையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இரு மாதிரிகள் செய்தோம். பழைய செருப்பு ரப்பரை வட்டமாக வெட்டிச் சக்கரமாக்கினோம்; தீப்பெட்டிகளை அடுக்கி அதன்மேல் படிக்கல்லை வைத்துக் கட்டினோம்; வழுக்காதிருக்கப் பலகையில் உப்புத்தாள் ஒட்டினோம். பலகையை மெல்லத் தூக்கியபோது மூன்று சக்கர மாதிரி ஒவ்வொரு முறையும் 19 பாகைக்கும் 21 பாகைக்கும் இடையில் சாய்ந்து விழுந்தது. நான்கு சக்கர மாதிரி 30 பாகையைத் தொடும்வரை அசையவில்லை. வண்டியின் அளவு எதுவானாலும் கோணம் மாறாது என்பதையும் இதனால் உணர்ந்தோம்.

உடம்பும் ஓர் உறுப்பு

மலை வண்டியில் ஓட்டுபவர் சும்மா அமர்ந்திருக்கும் சுமை அல்லர். வண்டி 210 கிலோ, ஆள் 70 கிலோ என்றால் ஆள் மொத்தத்தில் கால் பங்கு. அவர் எழுந்து தம் உடம்பை 40 செ.மீ. முன்னே சாய்த்தால் மொத்த ஈர்ப்பு மையம் 10 செ.மீ. முன்னே செல்லும். நேர் ஏற்றத்தில் பின்புறமாகப் புரளும் கோணம் இதனால் 30 பாகையிலிருந்து 36 பாகையாக உயர்கிறது. ஏற்றத்தில் முன்னே சாய், இறக்கத்தில் பின்னே சாய், குறுக்குச் சரிவில் மேட்டுப் பக்கம் சாய் என்று பயிற்சியாளர் கூறுவதன் பொருள் இதுவே.

இவ்வண்டிகள் பலவற்றில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். திருப்பத்தில் உட்புறச் சக்கரம் குறைவான தூரமே செல்ல வேண்டும்; ஆனால் அச்சு அதை விடாது. உட்புறச் சக்கரத்தின் மேலுள்ள பாரத்தைக் குறைத்து அதனைச் சிறிது வழுக்க விட்டால்தான் வண்டி திரும்பும். அதற்கும் உடம்பின் அசைவே கருவி. ஒருவருக்கென்று செய்த இருக்கையில் இருவர் ஏறினால் அசைவதற்கு இடமில்லாமற் போகும்.

இனி ஒரு குழந்தையை அவ்வண்டியில் ஏற்றுவோம். 35 கிலோ எடையுள்ள குழந்தை மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கு. எட்டிச் சாய்ந்தாலும் 28 செ.மீ.தான் நகரும் என்று கொண்டால், ஈர்ப்பு மையம் 4 செ.மீ. மட்டுமே நகரும். தந்தை ஏறிய அதே மேடு, அதே வண்டி. குழந்தையின் உடம்புக்கு அவ்வண்டி கட்டுப்படாது. இறந்தோரிலும் காயமுற்றோரிலும் சிறுவர் பலர் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

என் தந்தையார் டிராக்டரில் கரும்புப் பாரம் ஏற்றுபவர். வாய்க்கால் கரையில் டிரெய்லரின் ஒரு பக்கச் சக்கரம் ஏறும்போது, “தாழ்ந்த பக்கம் ஒருத்தரும் நிக்காதீங்க!” என்று குரல் கொடுப்பார். தூக்குநூல் எங்கே விழும் என்று அவர் கணக்கிட்டதில்லை. ஆனால் பாரம் எந்தப் பக்கம் சரியும் என்று அவர் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கண், சரிந்த பாரங்கள் பலவற்றைப் பார்த்துப் பெற்றது. கணக்கின் சிறப்பு யாதெனில், ஒரு பாரமும் சரியாமலே அதே அறிவை அது தந்துவிடும்.

இரு சக்கரத்தின் இயல்பு

அப்படியானால் இரண்டே சக்கரமுள்ள டர்ட் பைக் எப்படி மலைத்தடத்தில் செல்கிறது? அதன் தாங்குபரப்பு ஏறக்குறைய ஒரு கோடு. நின்றால் விழும், ஓடும்போது ஓட்டுபவர் கைப்பிடியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, அக்கோட்டை ஈர்ப்பு மையத்தின் அடியிலேயே வைத்திருக்கிறார். எனவே குறுக்குச் சரிவிலும் வண்டி நிமிர்ந்தே நிற்கும். அங்கு எல்லையாவது கவிழும் கோணமன்று, உராய்வே. கட்டை கட்டையான டயர்ப் பற்கள் ஈர மண்ணைக் கவ்வுவதும் இதற்காகத்தான். ஆய்வகத்தில் சாய்தளத்தின் மேல் மரக்கட்டையை வைத்து நாம் கண்ட உராய்வுக் கெழு, மழை நனைத்த இலைச்சருகின் மேல் உயிர் காக்கும் எண்ணாகிறது.

மண்ணின் பக்கம்

மலைத்தடத்திற்கும் ஓர் எல்லை உண்டு. ஏ.டி.வி. டயரில் காற்றழுத்தம் சதுர அங்குலத்திற்கு 5 பவுண்டு அளவே இருக்கும்; கார் டயரில் ஏறத்தாழ 30 பவுண்டு. ஆகவே மண்ணை அழுத்துவது குறைவு. ஆயினும் ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் சென்றால் மண் இறுகும், மழைநீர் உள்ளிறங்காமல் சக்கரத் தடத்திலேயே ஓடும், தடம் ஓடையாகும். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் 1972இல் ஓர் ஆணை பிறப்பித்து, மத்திய அரசின் நிலங்களில் இவ்வண்டிகள் எங்கே செல்லலாம், எங்கே செல்லலாகாது என்று வரையறுக்கச் செய்தார். 1977இல் கார்ட்டர், சேதமுறும் தடங்களை உடனே மூடும் அதிகாரத்தை அதிகாரிகளுக்கு அளித்தார்.

முறையாக நடத்தப்படும் தடங்களும் உண்டு. மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் நிலக்கரி மலைகளில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஹாட்ஃபீல்டு–மெக்காய் தடங்கள் இன்று 1,000 மைலுக்கு மேல் நீண்டுள்ளன. எளிய தடத்திற்குப் பச்சை, கடினமானதற்கு நீலம், மிகக் கடினமானதற்குக் கறுப்பு என அடையாளம் இட்டுள்ளனர். தலைக்கவசம் கட்டாயம்.

சட்டம் வந்த காலம்

விபத்துகள் பெருகியதால் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் விசாரணை நடத்தியது. ஓட்டுவோரின் தவறான பழக்கமே காரணம் என்றன நிறுவனங்கள். 1987 டிசம்பரில் அரசு வழக்குத் தொடுத்தது. 1988 ஏப்ரலில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, நிறுவனங்கள் புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையை நிறுத்தின. 90 சி.சி.க்கு மேற்பட்ட வண்டி 16 வயது நிரம்பியோர்க்கே உரியது என்ற எச்சரிக்கையும், வாங்குவோர்க்குப் பயிற்சியும் வந்தன. அவ்வுடன்பாட்டின் காலம் 10 ஆண்டுகள். பின்னர் 2008ஆம் ஆண்டுச் சட்டம், மூன்று சக்கர ஏ.டி.வி.க்களின் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்தது.

நான்கு சக்கர வண்டியில் விபத்தே இல்லை என்று எவரும் கொள்ள வேண்டா. 31 பாகையும் ஓர் எல்லையே. எல்லையைத் தள்ளி வைக்கலாம், நீக்க இயலாது.

முடிவுரை

1970இலிருந்து 1988வரை 18 ஆண்டுகள். இவ்வளவு காலத்திற்குப் பின் நீதிமன்றத்தில் முடிந்த ஒன்றை, நாம் மேலே ஒரு பக்கத்தில் கண்டோம். முக்கோணமும் செவ்வகமும் தூக்குநூலும் 1970லும் பாடநூல்களில் இருந்தன. இல்லாதிருந்தது, விற்பதற்கு முன் அக்கணக்கை மக்களுக்காகப் போட்டுக் காட்டி, அதன் விடையை உரக்கச் சொல்லும் குரலே.

நம் ஊர் ஆட்டோவின் அடியில் இருப்பதும் அதே முக்கோணந்தான். ஓட்டுநரின் இரு பக்கமும் ஆள் ஏறும்போது பாரம் முக்கோணத்தின் குறுகிய முனைக்குச் செல்கிறது. நம்மிற் சிலர் நாளை தொழிற்கூடங்களிலும் போக்குவரத்து அலுவலகங்களிலும் அமர்வோம். சிலர் பள்ளி ஆசிரியராவோம். நம் கைக்கு ஒரு வண்டியின் வரைபடம் வருமாயின், கையொப்பம் இடுமுன் தூக்குநூல் எங்கே விழுகிறது என்று பார்ப்போமாக.