கூரத்தாழ்வான் வேண்டிய வரம்

சரணாகதிக்கு ஐந்து அங்கங்கள் உண்டு. அவற்றுள் ஆநுகூல்ய ஸங்கல்பம் ஒன்று, மஹாவிச்வாஸம் மற்றொன்று. எல்லா உயிர்களிலும் எம்பெருமான் உறைவதால் எவ்வுயிர்க்கும் நல்லதே நினைப்பேன் என்ற உறுதி முன்னது. அவன் தவறாது காப்பான் என்ற திடநம்பிக்கை பின்னது. பின்னது தளர்ந்தால் முன்னது நிலைக்காது. இதைத் தம் வாழ்வில் காட்டியவர் கூரத்தாழ்வான்.

காஞ்சிக்கு அருகே கூரத்தில், தை ஹஸ்தத்தில் அவதரித்தவர் இவர். பெருஞ்செல்வத்தைத் துறந்து, தேவிகளான ஆண்டாளுடன் திருவரங்கம் சேர்ந்து, உடையவர் திருவடிகளை அண்டி வாழ்ந்தார்.

சோழன் உடையவரை அழைத்துவர ஆளனுப்பியபோது, ஆசாரியருடைய காஷாயத்தைத் தாம் உடுத்துப் பெரியநம்பிகளோடு அவைக்குச் சென்றார். உடையவர் மேல்நாட்டுக்கு எழுந்தருளினார். அவன் எந்தச் சோழன் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. குருபரம்பரை அவனைக் கிருமிகண்டன் என்றே குறிக்கும். அரசன் கேட்ட கையெழுத்தை ஆழ்வான் இடவில்லை. அதன் விளைவாகக் கண்களை இழந்தார். பெரியநம்பிகளும் கண்ணிழந்து, திரும்பும் வழியிலேயே திருநாடு அலங்கரித்தார்.

இத்தனைக்கும் தூண்டுகோலாயிருந்தவன் அமைச்சனான நாலூரான். அவன் ஆழ்வானிடமே பயின்ற சீடன்! பகைவன் அடித்தால் பொறுக்கலாம். கற்பித்த கைக்கே தீங்கு வந்தால் பொறுப்பது எளிதன்று.

பொறுமை என்றால் வாய்மூடி இருப்பது எனப் பலர் எண்ணுகின்றனர். திருவீதியில் கருடசேவை நெரிசலில் காலை மிதித்தவனை ஒன்றும் சொல்லாமல், மனத்துள் வைதுகொண்டே நடப்பதும் அவர்கள் கணக்கில் பொறுமைதான். பிள்ளைலோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் அதனோடு விடவில்லை. குற்றம் செய்தவரிடம் பொறையும், அதற்கு மேல் கிருபையும், சிரிப்பும், உகப்பும், அவர் செய்ததை உபகாரமாக நினைக்கும் நன்றியும் வேண்டும் என்கிறார். அசோகவனத்தில் தம்மை வருத்திய அரக்கியரின் குற்றத்தைப் பிராட்டி பெருமாளிடமும் திருவடியிடமும் வெளியிடாததை அங்கே எடுத்துக்காட்டுகிறார். ஆழ்வானோ அந்நூல் தோன்றுவதற்கு முன்பே அப்படி வாழ்ந்தவர். சோழன் அவையில் வளையாதவர் என்பதையும் மறக்கலாகாது. அவருடைய தயை அச்சத்தில் பிறந்ததன்று.

பல ஆண்டுகள் கழிந்தன. இடையில் திருமாலிருஞ்சோலையில் தங்கி ஸுந்தரபாஹு ஸ்தவம் அருளினார். உடையவர் திருவரங்கம் மீண்டபின், காஞ்சி வரதனைத் துதித்துக் கண்ணை வேண்டிப் பெறுமாறு ஆழ்வானுக்கு நியமித்தார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பித்தார். பேரருளாளன் உகந்து, வேண்டியதைக் கேள் என்றான்.

அப்போது அவர் உள்ளத்தில் நின்றவன் நாலூரான். எவ்வளவு கெட்டாலும் அவன் தம்மை ஆசாரியனாகப் பற்றிய ஆத்மா, எம்பெருமானுடைய சொத்து. அவனைத் தள்ளிவிட்டுத் தமக்கு மட்டும் பேறு என்பதை ஆழ்வான் திருவுள்ளம் ஏற்கவில்லை. தமக்கு வாய்க்கும் பேறு நாலூரானுக்கும் வாய்க்க வேண்டும் என்று கேட்டார். வரதன் அப்படியே அருளினான்.

கண்ணைக் கேட்கவில்லையே என்று முதலில் வருந்தியவர் உடையவர்தாம்.