பள்ளங்கிச் சரிவில் உப்புநீர்க் குளம் கட்டலாமா?

கொடைக்கானலை அடுத்த பள்ளங்கியில் பூண்டுத் தோட்டத்தை ஒட்டித் தங்கும் விடுதி நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு சொகுசுக் கப்பலில் போய்வந்தோம். மேல்தளத்து நீச்சல் குளத்தில் குளோரின் வாடையே இல்லை, பிள்ளைகளுக்குக் கண்ணும் எரியவில்லை. உப்புத்தண்ணீர்க் குளம் என்றார்கள். நம் விடுதியிலும் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் ஒரு குளம் கட்ட ஆசை. கான்ட்ராக்டரும் 'சால்ட் வாட்டர் பூல் போட்டுவிடலாம் சார், கெமிக்கல் செலவே இருக்காது' என்கிறார். போடலாமா?"

போட வேண்டாம். கப்பலில் நீங்கள் அனுபவித்தது உண்மைதான். ஆனால் அங்கே அது சரிப்பட்டு வருவதற்கும் உங்கள் ஊரில் வம்பாக முடிவதற்கும் முக்கியக் காரணம் ஒன்று: குளத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பது.

முதலில் கப்பலைப் பார்ப்போம். கப்பலில் நன்னீர் விலையுள்ள பொருள். துறைமுகத்தில் காசு கொடுத்து நிரப்ப வேண்டும். இல்லையென்றால் கடல்நீரை ஆவியாக்கியோ ஆர்.ஓ. முறையிலோ அங்கேயே தயாரிக்க வேண்டும். சுற்றிலும் கடல் இருக்க, குளத்துக்கு அதையே ஏற்றிக்கொள்வது பழைய வழக்கம். 1912இல் மூழ்கிய டைட்டானிக்கில் இருந்ததும் சூடாக்கிய கடல்நீர்க் குளம்தான். இப்போது நன்னீருக்கு மாறிய கப்பல்கள் நிறைய. கடல்நீரையே வைத்திருப்பவையும் உண்டு. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் சொகுசுக் கப்பல்களின் சுகாதாரத்தைச் சோதிக்கும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதற்கென விதியே வகுத்திருக்கிறது. ஒரு பக்கம் கடல்நீர் ஏறிக்கொண்டும் மறுபக்கம் வழிந்துகொண்டும் இருக்கும் குளமானால், கப்பல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டியிருக்க வேண்டும். கரைப்பக்கத்துக் கடலில் ஊர்க் கழிவு கலந்திருக்கும் அல்லவா? அதனால் கரை நெருங்கியதும் குளத்தைக் காலி செய்துவிட வேண்டும், அல்லது தண்ணீரை வடிகட்டி, குளோரின் போட்டுச் சுழலவிட வேண்டும்.

வாடை வராத ரகசியமும் இதில்தான் இருக்கிறது. நாம் குளோரின் நாற்றம் என்று சொல்வது, குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாக்கும் குளோரமைனின் நாற்றம். கண் எரிவதும் பெரும்பாலும் அதனால்தான். தண்ணீர் ஓயாமல் புதிதாக வந்துகொண்டிருந்தால் அது சேர வழியில்லை. அதே கடல்நீரைத் தேக்கிச் சுழலவிடும்போது இன்னொரு வேதியியல் வேலை செய்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் புரோமைடு உண்டு. குளோரின் போட்டதும் அது புரோமினாக மாறிவிடும். அந்தக் குளத்தில் கிருமியைக் கொல்வது புரோமின். அதற்கு வாடை குறைவு.

உங்கள் கான்ட்ராக்டர் சொல்வது இது எதுவுமே அல்ல. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அவர் போடச் சொல்லும் குளத்தில் 3 முதல் 4 கிராம். நம் கண்ணீரைவிடவும் உப்புக் குறைவு. அந்த உப்பு குளிப்பவருக்காகப் போடுவதல்ல, இயந்திரத்துக்காகப் போடுவது. தண்ணீர் ஒரு மின்கலம் வழியாகப் போகும்போது அந்த உப்பிலிருந்தே குளோரின் பிறக்கிறது. ஆக, குளோரினைக் கடையில் வாங்காமல் பம்ப் அறையிலேயே தயாரிக்கிறீர்கள், அவ்வளவுதான். 'குளோரின் இல்லாத குளம்' என்று விளம்பரப் பலகை வைத்தால் அது பொய். குளிக்கிறவர்கள் முதலில் ஷவரில் நிற்காமல் இறங்கினால் இங்கேயும் குளோரமைன் வரும், இங்கேயும் கண் எரியும்.

அந்த முறையைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். குளோரின் சீராக விழும், தோலுக்கு இதமாக இருக்கும், கேன் கேனாக மருந்து தூக்க வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டால் தாராளமாகப் போடுங்கள் என்பேன். பள்ளங்கியின் கணக்கு வேறு.

8க்கு 4, சராசரி ஆழம் ஒன்றேகால் மீட்டர் என்றால் 40,000 லிட்டர். லிட்டருக்கு மூன்றரை கிராம் வீதம் 140 கிலோ உப்பு. ஐம்பது கிலோ மூட்டை மூன்றை அவிழ்த்துக் கொட்ட வேண்டும். குளோரின் வெயிலில் சில நாளில் போய்விடும்; உப்பு எங்கும் போகாது. தண்ணீர் ஆவியாகும்போதும் உப்பு குளத்திலேயே தங்கும். அது வெளியேற முக்கிய வழி இரண்டு: மணல் ஃபில்டரைப் பின்னோட்டமாகக் கழுவும்போது, மழையில் குளம் நிரம்பி வழியும்போது. ஒருமுறை ஃபில்டர் கழுவினால் ஆயிரம் லிட்டர் போகும் என்று வையுங்கள், கூடவே மூன்றரை கிலோ உப்பு. வாரம் ஒருமுறை கழுவினால் வருடத்தில் 180 கிலோ. கொடைக்கானலில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. 32 சதுர மீட்டர் குளத்தின் மேல் அது 51,000 லிட்டர், அதாவது குளத்தின் கொள்ளளவைவிட அதிகம். ஒரு பங்கு ஆவியாகும் என்றாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குளம் வழியாமல் இருக்காது.

வழிவது எங்கே? அடுக்கடுக்காக இறங்கும் நிலம். உங்களுக்குக் கீழே யாரோ ஒருவரின் பூண்டும் பீன்சும் கேரட்டும் நிற்கின்றன. பீன்ஸ், கேரட் இரண்டும் உப்புக்கு மிகவும் நோஞ்சான் பயிர்கள். மண்ணின் உப்பை மின்கடத்துதிறனால் அளப்பார்கள். அது மீட்டருக்கு 1 டெசிசீமென்ஸைத் தாண்டியதுமே இவற்றின் விளைச்சல் குறையத் தொடங்கும். உருளைக்கிழங்கு 1.7 வரை தாங்கும். உங்கள் குளத்துத் தண்ணீர் 6ஐ ஒட்டி இருக்கும். அடுத்த மழை கழுவிவிடும் என்பார்கள். கழுவும், அதற்கடுத்த தோட்டத்துக்கும் ஓடைக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மண் அது. நடுக்கடலில் கப்பல் கொட்டும் உப்பு, எடுத்த இடத்துக்கே திரும்பிவிடுகிறது. மலையில் நீங்கள் கொட்டுவது மூட்டையில் ஏறிவந்த உப்பு.

நன்னீர்க் குளத்தில் உப்பே சேராது என்று நான் சொல்லவில்லை. எந்தக் குளோரினும் கடைசியில் குளோரைடாகத்தான் முடியும். லிக்விட் குளோரினைத் தினம் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஏறும்படி ஊற்றினால், ஓராண்டில் லிட்டருக்கு அரை கிராமுக்குச் சற்று மேல் உப்புச் சேரும். கால்சியம் ஹைப்போகுளோரைட்டில் அதிலும் பாதி. மூன்றரை கிராம் எங்கே, இது எங்கே.

இன்னொன்று, குளிர். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போனால் உப்பு மின்கலங்கள் திணறும். பல மாடல்கள் தாமாகவே அணைந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் உங்கள் பள்ளத்தில் உறைபனி விழுகிறது. சூடாக்காத குளம் அந்த மாதங்களில் எந்த நிலையில் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கரண்டும் அப்படித்தான். 2018 நவம்பரில் கஜா புயல் மலையேறி வந்தபோது மரங்கள் சாய்ந்து கரண்ட் போய்க் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் இல்லையென்றால் மின்கலத்தில் குளோரின் இல்லை. கையில் மருந்து இருந்தால் கரைத்து ஊற்றியாவது சமாளிக்கலாம். மேகம் இறங்கிக் காயவே காயாத உங்கள் ஊர் ஈரத்தில் உப்பும் சேர்ந்தால் கைப்பிடிக் கம்பி, ஹீட்டர், கேட் எல்லாம் துருவேறும். மின்கலத்தின் ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டு. கெமிக்கல் செலவு இருக்காது என்றவர் அதை மாற்றும் செலவைச் சொன்னாரா என்று கேளுங்கள்.

சரி, நன்னீர்க் குளமே கட்டுங்கள். ஆனால் மலைத் தண்ணீருக்கும் ஒரு குணம் உண்டு, அதை அறிந்து கட்டுங்கள். ஓடை, ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, சுண்ணாம்புச் சத்துக் குறைந்தது. துணி துவைக்கவும் டீ போடவும் அருமை. குளத்தில் தேக்கினாலோ தனக்கு வேண்டிய சுண்ணாம்பை டைல்ஸ் இடுக்குச் சிமெண்டிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். இரண்டாம் ஆண்டிலேயே டைல்ஸ் உதிர்கிறது என்று கொத்தனாரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். கால்சியம் கடினத்தன்மை 200 பிபிஎம்முக்குக் குறையாமலும், காரத்தன்மை 80க்கும் 120க்கும் நடுவிலும், பிஎச் 7.2 முதல் 7.8 வரையிலும் இருக்கட்டும். காரத்தன்மையை 50 ஏற்ற உங்கள் குளத்துக்கு மூன்றரை கிலோ சோடா உப்பு போதும். ஆப்பத்துக்குப் போடுகிற அதே சோடாதான்.

மருந்திலும் கவனம் வேண்டும். மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் குளங்களில் டிசிசிஏ என்னும் குளோரின் மாத்திரை அதிகம் புழங்குகிறது. கடினமான போர்வெல் தண்ணீருக்கு அது பொருந்தும். அதன் அமிலம் உங்கள் மென்னீரை இன்னும் அரிப்புள்ளதாக்கும், சயனூரிக் அமிலமும் சேர்ந்துகொண்டே போகும். உங்களுக்கு ஏற்றது 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட். குளோரின் போட்ட கையோடு கொஞ்சம் கால்சியமும் ஏறும். 60 கிராமை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் குளத்தில் ஒரு பிபிஎம் ஏறும்; 1 முதல் 3 பிபிஎம் வரை இருந்தால் போதும். குளிர்ந்த நீரில் பாசி மெதுவாகத்தான் வளரும் என்பதால் சமவெளியைவிடக் குறைவாகவே செலவாகும். ஒன்றை மட்டும் வேலையாட்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள்: டிசிசிஏவையும் ஹைப்போகுளோரைட்டையும் ஒரே டப்பாவில் போடுவதோ, ஒன்றை அள்ளிய கரண்டியால் மற்றதை அள்ளுவதோ கூடாது. இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

செலவு கடிப்பது சூட்டில்தான். 40,000 லிட்டரைப் பத்து டிகிரி ஏற்ற 465 யூனிட் வெப்பம் வேண்டும். சாதாரண மின் ஹீட்டரானால் அத்தனை யூனிட்டும் மீட்டரில் ஓடும். ஹீட் பம்ப்பில் மூன்றில் ஒரு பங்காகும், குளிர் மாதங்களில் இன்னும் கொஞ்சம் கூடும். குளத்தின் வெப்பம் பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்து ஆவியாகித்தான் போகிறது. உப்பு மின்கலத்துக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல மூடுவிரிப்பு வாங்குங்கள். ராத்திரி மூடினால் சூடு தங்கும், மழைத்தண்ணீரும் குளத்தில் விழாது. குளத்தையும் 6க்கு 3 என்று சுருக்குங்கள். மலைக்கு வருகிறவர்கள் போட்டோவுக்காக இறங்குகிறவர்கள். யாரும் நீளத்தை அளக்கப்போவதில்லை.

காலி செய்ய வேண்டி வந்தால் மருந்தை நிறுத்தி, மூடாமல் விட்டு, டெஸ்ட் கிட்டில் குளோரின் பூஜ்யம் காட்டிய பிறகு, உங்கள் நிலத்துக்குள்ளேயே ஒரு உறிஞ்சுகுழியில் மெல்ல விடுங்கள். ஓடையில் விடாதீர்கள். டன் கணக்கான எடை சரிவின் விளிம்பில் உட்காரக் கூடாது என்பதால், கட்டுமானப் பொறியாளர் மண்ணைப் பார்க்காமல் கடப்பாரை போட வேண்டாம். மலையிடத்தில் கட்டுவதற்கான அனுமதியும் முதலில் கைக்கு வரட்டும்.

கான்ட்ராக்டருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கீழ்த்தோட்டக்காரரைக் கூட்டிவந்து, குளத்துத் தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று இடத்தைக் காட்டிப் பேசிவிடுங்கள்.