குருமனையில் விளக்கு எரிகிறது

கேள்வி: எங்கள் சபைப் போதகர் ஐயாவின் முகத்தில் எப்போதும் களைப்பு. அவர் மனைவியும் யாரோடும் மனம்விட்டுப் பேசுவதில்லை. நாங்கள் என்ன செய்யலாம்? - வாசகி, அன்புவழிபுரம்

பதில்: நீங்கள் கவனித்ததே பெரிய விஷயம், தங்கச்சி. நம் கிழக்கு மாகாணத்தின் மெதடிஸ்த வரலாறே ஒரு குருவின் தனிமையோடுதான் தொடங்குகிறது. 1814 இல் இலங்கை வந்த வில்லியம் ஓல்ட், மனைவியைக் கப்பல் பயணத்திலேயே பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தோடு மட்டக்களப்புக்குத் தனியாகப் போய்ப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1815 ஏப்ரலில், ஓர் ஆண்டுகூட நிறையாமல், காய்ச்சலும் உழைப்பும் அவரைக் கொண்டுபோயின. அவர் தொடங்கிய பள்ளி இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரி. அவரைத் தாங்க அருகில் யார் இருந்தார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இன்றும் போதகர் குடும்பம் வாழும் குருமனை சொந்த வீடல்ல. இடமாற்றக் கடிதம் வந்தால், பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாலும் பெட்டி கட்டத்தான் வேண்டும். செத்த வீட்டுக்கும் ஆசுப்பத்திரிக்கும் நள்ளிரவில் ஓடுகிறவர், தன் துக்கத்தை யாரிடம் சொல்வார்? சபையாரிடம் சொன்னால் ஊரெல்லாம் பரவும் என்ற பயம் அவர் மனைவியான அம்மாவுக்கும் இருக்கும்.

வாரத்தில் ஒரு நாள் அவரைக் கூப்பிடாமல் விடுங்கள். அம்மாவை 'போதகர் மனைவி' என்றில்லாமல், ஒரு தோழியாகக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். தூக்கமின்மை தொடர்ந்தால் வைத்தியரைப் பார்க்கச் சொல்லுங்கள். அது விசுவாசக் குறைவல்ல.